மறைந்தார் கடனும் பின்வந்தார் உரிமையும்
கொழும்புச் செட்டியார் தெருவை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

தந்தை பட்ட கடனை மைந்தன் தீர்த்தல் வேண்டும் என்னும் கடமையைத் தரும சாத்திரங்கள் விரித்துப் பேசுகின்றன. கடன்பட்டவன் இறந்தால் நிகழவேண்டியது யாது என்பதில் மரபுக்கு ஐயமில்லை. ஆயின், கடன் கொடுத்தவன் இறந்தால் அக்கடனைக் கேட்டுப் பெறும் உரிமை யாருக்கு உண்டு என்ற வினா அத்துணை எளிதன்று. அவ்வுரிமையைப் பெற்றவரும் பணியை முடிக்காது மறைந்துவிடின், அவருக்குப் பின் வருபவர் எந்த உரித்தினால் கடனாளியின் வாயிலில் நிற்கின்றார் என்ற வினா அதனினும் சிக்கலானது. இவ்வினாவுக்குச் சட்டமும் வழக்காறும் வெவ்வேறு விடைகளைக் கண்டன. அவ்விரு விடைகளும் நேருக்கு நேர் சந்தித்த இடங்களுள் ஒன்று கொழும்பு மாநகரின் ஜிந்துப்பிட்டிச் சூழலாகும்.

சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலால் பெயர் பெற்ற ஜிந்துப்பிட்டியை அடுத்துள்ளது செட்டியார் தெரு. பழைய கதிரேசன், புதிய கதிரேசன் எனும் கோயில்களும், ஆடிவேல் விழாவும் அத்தெருவின் பழைய வாழ்வுக்குச் சான்று பகர்வன. இன்று நகைக் கடைகளால் அறியப்படும் அத்தெருவிலேதான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கிட்டங்கிகள் அமைந்திருந்தன. தென்னந்தோட்ட உரிமையாளரும் அரிசி வணிகரும் பிற வியாபாரிகளும் அங்கு கடன் பெற்றனர். ஆங்கிலேய வங்கிகள் உள்நாட்டாருக்கு நேராகக் கடன் கொடுக்கத் தயங்கிய காலத்தில், அவ்வங்கிகளிடம் பணம் பெற்று உள்நாட்டாருக்கு வழங்கிய இடைநிலையாளராக நகரத்தார் விளங்கினர். 1934ஆம் ஆண்டில் சேர் சொராப்ஜி பொச்கனவாலா தலைமையிலான இலங்கை வங்கி ஆணைக்குழு தனது அறிக்கையில் அவர்தம் பங்கினை விரிவாக ஆராய்ந்தமை அவர்களது செல்வாக்கை உணர்த்தும்.

விலாசம் எனும் ஏற்பாடு

நகரத்தாரின் தொழில் தனிமனிதன் பெயரில் நடைபெறவில்லை. விலாசத்தின் பெயரில் நடைபெற்றது. முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளை நிரலாகக் கோத்து அமைக்கப்பட்ட விலாசமே கடனுறுதியிலும் பேரேட்டிலும் இடம்பெற்றது. முதலாளி செட்டிநாட்டில் இருக்க, ஏறத்தாழ மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை மாறும் ஏஜண்டு கொழும்பில் இருந்து தொழிலைக் கவனித்தார். ஏஜண்டு மாறும்போது பேரேடும் இரும்புப் பெட்டியும் கைமாறின, விலாசம் மாறவில்லை. கடனாளிக்கும் இது விளங்கியிருந்தது. அவர் கடன்பட்டது ஏஜண்டிடமன்று, விலாசத்திடமே என்பதால், புதிய ஏஜண்டு வந்து கேட்கும்போது அவர் வியப்படையவில்லை.

ஏஜண்டின் மாற்றத்தைச் சட்டமும் எளிதாகவே ஏற்றுக்கொண்டது. முதலாளி வழங்கும் அற்றோணித் தத்துவமே ஏஜண்டின் அதிகாரத்துக்கு அடிப்படையாகும். 1902ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க அற்றோணித் தத்துவக் கட்டளைச் சட்டம் அத்தகைய பத்திரங்களைப் பதிவு செய்தற்கு வழி செய்தது. ஓர் ஏஜண்டு ஊர் திரும்பினாலோ இறந்தாலோ, முதலாளி இன்னொருவருக்குப் புதிய தத்துவம் வழங்கினார். 1918ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க வியாபாரப் பெயர்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் விலாசங்களும் பதிவு பெறலாயின. பதிவு செய்யத் தவறியவர் தம் ஒப்பந்த உரிமைகளை நீதிமன்றில் நிலைநாட்ட இயலாது என்பதால், விலாசம் வழக்காற்றுக்கு மட்டுமன்றிச் சட்டத்துக்கும் உரிய பெயராயிற்று.

சிக்கல் எழுந்தது ஏஜண்டின் மரணத்தில் அன்று, முதலாளியின் மரணத்திலேயே. தத்துவம் கொடுத்தவர் இறந்த கணமே தத்துவமும் இறந்துவிடும் என்பது சட்டத்தின் பொதுவிதி. செட்டிநாட்டில் ஓர் உயிர் பிரிந்தால் கொழும்பில் ஏஜண்டின் கை கட்டுண்டது. பேரேடு அவர் முன் திறந்திருந்தது, கடனாளிகளும் இருந்தனர். ஆனால் கேட்கும் உரிமை அவரிடம் இல்லை.

நீதிமன்றம் கேட்ட பத்திரம்

நகரத்தார் பின்பற்றிய மிதாட்சர இந்துச் சட்டத்தின்படி கூட்டுக் குடும்பச் சொத்து, உறுப்பினர் ஒருவரின் மரணத்தோடு எஞ்சியிருக்கும் ஆண் பங்காளிகளைச் சார்ந்துவிடும். அது வாரிசு முறையால் இறங்குவதன்று. எஞ்சி வாழ்தலால் நிலைப்பது. ஆகவே குடும்பத்தாரின் நோக்கில், தந்தை இறந்த மறுநாள் மைந்தன் கடனை அறவிடுவதற்கு எவர் அனுமதியும் வேண்டியதில்லை.

ஜிந்துப்பிட்டியிலிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவிலுள்ள புதுக்கடை நீதிமன்றங்களில் இந்நோக்கு போதியதாகக் கருதப்படவில்லை. ஒல்லாந்தர் காலத்தில் நிலைபெற்ற உரோமன் ஒல்லாந்தச் சட்டத்தை 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் மூலம் ஆங்கிலேயர் தொடர்ந்தும் பேணினர். அச்சட்டத்தில் வாரிசு என்பவர் இறந்தவரின் இடத்திலேயே நின்று அவருடைய உரிமைகளையும் கடன்களையும் ஒருங்கே ஏற்பவர். ஆயினும் 1801ஆம் ஆண்டுச் சாசனமும் 1833ஆம் ஆண்டு நீதிச் சாசனமும் ஆங்கில நாட்டு நிறைவேற்றுநரையும் நிருவாகியையும் இந்நாட்டுக்குக் கொணர்ந்தன. மரணசாசனத்தை உறுதிப்படுத்துதல், மரணசாசனமின்றி இறந்தோர் சொத்துக்கு நிருவாகி நியமித்தல் ஆகிய அதிகாரங்கள் 1833க்குப் பின்னர் மாவட்ட நீதிமன்றங்களைச் சார்ந்தன.

1889ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 547ஆம் பிரிவு இப்போக்கை இறுக்கியது. குறித்த ஒரு பெறுமதியை எட்டிய மரணச் சொத்தைச் சேர்ந்த எதனையும் அறவிடுவதற்கு, மரணசாசன உறுதிப்பாடோ நிருவாகப் பத்திரமோ முதலில் வழங்கப்பட்டிருத்தல் வேண்டும். அன்றேல் வழக்கு நில்லாது என அப்பிரிவு விதித்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவ்வெல்லை 2,500 ரூபாவாக இருந்தது. செட்டியார் தெருக் கிட்டங்கியொன்றின் ஒற்றைக் கடனுறுதியே அத்தொகையை விஞ்சியிருக்கக்கூடும். இவ்விதி அரசிறையைக் காப்பதற்கே பெரிதும் உதவியது என்பது மெய்யே. ஆயினும் அதன் விளைவு கடன் அறவீட்டின் மீதே விழுந்தது.

அண்டை நாடான இந்தியாவிலும் இதே கவலை வேறோர் உருவம் எடுத்தது. இறந்தவருக்கு வரவேண்டிய கடன்களைப் பெறுவதற்கெனவே 1841ஆம் ஆண்டின் 20ஆம் சட்டமும் 1860ஆம் ஆண்டின் 27ஆம் சட்டமும் இயற்றப்பட்டன. பின்னர் 1889ஆம் ஆண்டில் வாரிசுரிமைச் சான்றிதழ்ச் சட்டம் வந்தது. கடனாளி யாருக்குப் பணம் கொடுத்தால் விடுதலை பெறுவார் என்பதை உறுதிசெய்வதே அச்சட்டங்களின் நோக்கமாயிருந்தது. ஆனால் எஞ்சி வாழும் கூட்டுக் குடும்ப உறுப்பினர் வாரிசாக அன்றித் தம் சொந்த உரிமையால் கேட்பவராதலின், அங்கு அவருக்குச் சான்றிதழ் வேண்டப்படவில்லை. ஒரே குடும்பம், ஒரே விலாசம். கடலின் ஒரு கரையில் பத்திரமின்றி அறவிடக்கூடிய கடனுக்கு மறுகரையில் பத்திரம் தேவைப்பட்டது.

அறுந்த சங்கிலி

நிருவாகியின் உரிமை எங்கிருந்து பிறக்கின்றது என்பதை விளங்கினாலன்றிப் பின்வந்த நிருவாகியின் நிலை விளங்காது. இது பற்றிய ஆங்கிலச் சட்டம் நெடிய வரலாறுடையது. மூன்றாம் எட்வேட் மன்னர் காலத்தில், 1357ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமொன்று, மரணசாசனமின்றி இறந்தவரின் நெருங்கிய உறவினரிடம் நிருவாகத்தை ஒப்படைக்குமாறு திருச்சபை அதிகாரிகளுக்குப் பணித்தது. இறந்தவருக்கு வரவேண்டிய கடன்களுக்கு வழக்காடும் உரிமையையும் அவர்களுக்கு வழங்கியது. அக்கடன்களைப் பெறுதல் நிருவாகி எனும் பதவியின் பிற்காலச் சேர்க்கையன்று. அது பதவியோடு உடன்பிறந்தது.

நிறைவேற்றுநருக்கும் நிருவாகிக்கும் ஓர் அடிப்படை வேறுபாடுண்டு. நிறைவேற்றுநரை நம்பி நியமித்தவர் இறந்தவர். நிருவாகியை நியமித்தது நீதிமன்றம். 1916ஆம் ஆண்டில் நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து கோமறைக் கழகத்துக்குச் சென்ற மெய்யப்ப செட்டி எதிர் சுப்பிரமணியன் செட்டி என்னும் வழக்கு இவ்வேறுபாட்டைத் தெளிவாக நிறுவியது. நிறைவேற்றுநர் தம் உரித்தை மரணசாசனத்திலிருந்தே பெறுகின்றார். நிருவாகியின் உரித்தோ முற்றிலும் பத்திரத்திலிருந்தே பிறக்கின்றது என்பது அத்தீர்ப்பின் சாரம். கடல் கடந்து வட்டித்தொழில் செய்த நகரத்தாரின் பெயர் தாங்கிய அவ்வழக்கு, பின்னர் ஆங்கிலச் சட்டம் வழங்கிய பல நாடுகளில் மேற்கோளாயிற்று.

இவ்வேறுபாட்டின் விளைவு யாது? நிறைவேற்றுநர் பணியை முடிக்காது இறந்து, அவரும் ஒரு நிறைவேற்றுநரை நியமித்திருந்தால், நம்பிக்கைச் சங்கிலி தொடரும். பின்னவர் முதலில் இறந்தவருக்கும் நிறைவேற்றுநர் ஆவார். நிருவாகியின் மரணத்திலோ சங்கிலி அறுந்துபோகும். நிருவாகியின் மைந்தன் நிருவாகியாகான். அவருடைய சொந்தச் சொத்தின் நிருவாகியும் முதலாமவர் சொத்தைத் தொட இயலாது. நீதிமன்றத்தின் நம்பிக்கை ஒரு மனிதர் மீது வைக்கப்பட்டது. அவரோடு அது முடிந்தது. ஆதலின் எஞ்சிய சொத்துக்குப் புதிய பத்திரம் வேண்டும். இலத்தீன மொழியில் ‘டி போனிஸ் நொன்’ எனச் சுருக்கி வழங்கப்படும் அப்பத்திரத்தின் பொருள், ‘இன்னும் நிருவகிக்கப்படாத சொத்துகளுக்கானது’ என்பதாகும்.

இங்கு ஒரு முரண் தோன்றுகின்றது. பின்வந்த நிருவாகி முன்னவரின் வாரிசல்லர். முன்னவரிடமிருந்து அவர் எதனையும் பெறவில்லை. அவர் உரித்து முன்னவரைத் தாண்டிச் சென்று, முதலில் இறந்தவரையே நேராகப் பற்றுகின்றது. இதனால், முன்னவர் வழக்காடித் தீர்ப்புப் பெற்றுப் பணம் கைக்கு வருமுன் இறந்துவிட்டால், பின்வந்தவர் அத்தீர்ப்பை நிறைவேற்ற இயலாதென்றே பழைய ஆங்கிலச் சட்டம் கருதிற்று. வென்ற வழக்கை மீளவும் முதலிலிருந்து நடத்தவேண்டிய அவலம் அது. இரண்டாம் சார்ள்சு மன்னர் காலத்தில், 1665ஆம் ஆண்டுச் சட்டம் இக்குறையை நீக்கிப் பின்வந்த நிருவாகியும் அத்தகைய தீர்ப்பைத் தொடர்ந்து நிறைவேற்றலாம் என விதித்தது.

புதுப்பித்த கடனுறுதி

இன்னொரு நுண்ணிய சிக்கலும் உண்டு. இறந்தவருக்குக் கடன்பட்ட ஒருவர், முதலாவது நிருவாகி கேட்டபோது பணம் கொடுக்காது, அவர் பெயருக்குப் புதிய பத்திரம் எழுதிக் கொடுக்கின்றார். பழைய கடன் இறந்தவருடையது. புதிய பத்திரத்திலோ நிருவாகியின் பெயர். அந்நிருவாகி இறந்தால் அப்பத்திரம் யாரைச் சேரும்? அவருடைய சொந்த மக்களையா, இறந்த முதலாளியின் குடும்பத்தையா? 1823ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தீர்க்கப்பட்ட கதர்வுட் எதிர் சபோ என்னும் வழக்கு இதற்கு விடை தந்தது. நிருவாகி என்ற தகைமையில், இறந்தவரின் கடனுக்காகப் பெறப்பட்ட உண்டியலைக் கொண்டு பின்வந்த நிருவாகி வழக்காடலாம் என்பதே அவ்விடை. பெயர் எவருடையதாயினும் பணம் எவருடையது என்பதே நோக்கத்தக்கது என்னும் நியாயம் அதில் மேலோங்கிற்று.

இந்நியாயம் செட்டியார் தெருவுக்குப் புதியதன்று. ஏஜண்டு எழுதி வாங்கும் ஒவ்வோர் உறுதியும் விலாசத்துக்கே உரியது என்பது அங்கு எழுதாத விதி. ஆங்கில நீதிமன்றம் பல நூற்றாண்டுகளில் தட்டுத்தடுமாறி வந்தடைந்த இடத்துக்கு வணிகரின் வழக்காறு வேறு வழியால் வந்திருந்தது எனலாம்.

ஓடும் காலம்

இவையனைத்திலும் காலம் ஒரு கண்டிப்பான எதிரியாக நின்றது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி ஈட்டுறுதிக் கடனுக்குப் பத்தாண்டுகளும், எழுத்திலான வாக்குறுதிக்கு ஆறாண்டுகளும், எழுத்திலில்லாத கடனுக்கு மூன்றாண்டுகளும் எல்லை. ஓடத் தொடங்கிய காலம் கடன் கொடுத்தவர் இறந்ததற்காக நின்றுவிடுவதில்லை.

கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டை நோக்கலாம். 1920ஆம் ஆண்டில் கேட்டவுடன் கொடுக்கவேண்டிய புரோநோட்டொன்றின் மீது 5,000 ரூபா கடன் கொடுக்கப்படுகின்றது. 1922இல் முதலாளி இறக்கின்றார். 1923இல் விதவையின் அற்றோணியாகக் கொழும்பிலிருக்கும் ஒருவர் நிருவாகப் பத்திரம் பெறுகின்றார். 1925இல் அவரும் இறக்கின்றார். 1926இல் ஆறாண்டு நிறைவுறுமுன் வேறொருவர் பத்திரம் பெற்று வழக்கிடாவிடின் 5,000 ரூபாவும் போய்விடும். மாறாக, 1924இல் கடனாளி முதலாவது நிருவாகியிடம் ஒரு பகுதியைச் செலுத்தியிருந்தால், காலம் அன்றிலிருந்து மீளக் கணிக்கப்படும். அப்பயன் இரண்டாமவரையும் சாரும். முன்னவர் கையில் விழுந்த நூறு ரூபா, பின்னவரின் உரிமையை உயிரோடு வைத்திருக்கின்றது.

இவ்வெடுத்துக்காட்டு பிறிதோர் உண்மையையும் புலப்படுத்தும். மூன்றாண்டுக்கு ஒருமுறை ஆள் மாறும் நகரத்தார் தொழில்முறைக்கு, ஒரே மனிதரைப் பற்றி நிற்கும் நிருவாகப் பதவி இயல்பாகப் பொருந்தவில்லை. ஏஜண்டு ஊர் திரும்பலாம். நிருவாகியோ நீதிமன்றுக்குப் பிணை கொடுத்தவர், சொத்து விவரம் சமர்ப்பித்தவர், பன்னிரண்டு மாதத்துள் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். பேரேட்டை அடுத்தவரிடம் கொடுப்பதுபோல் அவர் தம் பதவியைக் கொடுத்துவிட்டுச் செல்ல இயலாது. செட்டிநாட்டு வீட்டிலிருந்த விதவைக்கும் இளம் பிள்ளைகளுக்கும் இதன் பொருள் மிகக் கொடியது. அவர்கள் காணாத ஊரில், அவர்கள் படிக்காத மொழியில் எழுதப்பட்ட ஒரு பத்திரம் காலத்தே கிடைப்பதிலேயே அவர்தம் வாழ்வு தங்கியிருந்தது.

கடனாளியின் காப்பு

இக்கட்டுப்பாடுகள் யாவும் கடன் கொடுத்தார் குடும்பத்தை வருத்துவதற்கே வந்தன என்று கொள்வது பொருந்தாது. கடனாளியின் பக்கமும் நோக்கத்தக்கது. இறந்த முதலாளியின் தம்பி ஒருநாளும், மருமகன் மற்றொரு நாளும், பழைய ஏஜண்டு வேறொரு நாளும் வந்து கேட்டால், அவர் யாரிடம் கொடுப்பது? தவறானவரிடம் கொடுத்தால் இருமுறை செலுத்த நேரிடும். பத்திரம் பெற்றவரிடம் கொடுத்தவருக்கோ அத்தொல்லை இல்லை. 1789ஆம் ஆண்டின் அலன் எதிர் டண்டாஸ் என்னும் ஆங்கில வழக்கில், பின்னர் பொய்யென நிறுவப்பட்ட மரணசாசனத்தின் உறுதிப்பாட்டை நம்பிப் பணம் கொடுத்த கடனாளியும் விடுவிக்கப்பட்டார். நீதிமன்றத்தின் முத்திரையை நம்பியவர் வஞ்சிக்கப்படலாகாது என்பதே கொள்கை.

ஆகவே பின்வந்த நிருவாகியின் உரிமைக்கு ஓர் எல்லையும் உண்டு. முன்னவர் பதவியிலிருந்தபோது நேர்மையாகக் கொடுக்கப்பட்ட பணத்தை அவர் மீண்டும் கேட்க இயலாது. முன்னவர் வழங்கிய பற்றுச்சீட்டு அவரையும் கட்டும். எஞ்சியதை மட்டுமே அவர் கேட்கலாம். எஞ்சியது அனைத்தையும் அவர் கேட்டேயாகவேண்டும்.

குடும்பம் இறக்கவில்லை

விலாசத்தின் தொடர்ச்சிக்கும் சட்டத்தின் பத்திரத்துக்கும் இடையிலான இப்பிணக்கு, அருணாசலம் செட்டியார் மரணச் சொத்து வழக்கில் உச்சநிலை எய்தியது. செட்டியாரும் அவர் மைந்தரும் இந்தியாவை நிலையான வாழிடமாகக் கொண்டு, இந்தியாவிலும் இலங்கையிலும் தூரகிழக்கிலும் தொழில் நடத்திய கூட்டுக் குடும்பத்தினர். 1934இல் மைந்தர் இறந்தார். 1938ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க மரணவரிக் கட்டளைச் சட்டம் நடைமுறைக்கு வந்த சிறிது காலத்தில் தந்தையும் இறந்தார். எஞ்சியோர் பெண்களே.

அக்கட்டளைச் சட்டத்தின் 73ஆம் பிரிவு, பிரிக்கப்படாத இந்துக் குடும்ப உறுப்பினர் இறக்கும்போது அக்குடும்பத்தின் கூட்டுச் சொத்துக்கு வரிவிலக்கு அளித்தது. அசையாச் சொத்தைப் பொறுத்தவரை, அது அசையும் சொத்தாக இருந்திருப்பின் கூட்டுச் சொத்தாகியிருக்குமா என நோக்கி விலக்களிக்குமாறும் கூறியது. இந்நாட்டுக் காணிக்குக் கூட்டுக் குடும்ப உரிமை நேராகப் பொருந்தாமையினாலேயே இவ்வாறு சுற்றி வளைத்துச் சொல்ல நேர்ந்தது. ஆண்வழிப் பங்காளர் எவரும் எஞ்சாதபோது செட்டியார் தனிமனிதராகவே இறந்தார் என்பது அரசின் வாதம்.

1957ஆம் ஆண்டில் கோமறைக் கழகம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. ஆண் ஒருவரே எஞ்சியிருந்தபோதும் குடும்பம் குடும்பமாகவே இருந்தது. அவர் மறைந்த பின்னரும், விதவையர் செய்த தத்தெடுப்புகளால் அதன் தொடர்ச்சி பேணப்பட்டது எனத் தீர்ப்பளித்தது. இந்திய உயர்தர நீதிமன்றம் 1966இல் கௌலி புத்தண்ணா வழக்கில் இத்தீர்ப்பைத் தழுவியது. இது வரி பற்றிய வழக்கேயன்றிக் கடன் அறவீடு பற்றியதன்று. எனினும், விலாசம் நெடுங்காலம் சொல்லிவந்த ஒன்றினை உயர்ந்த நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது என்பதில் அதன் சிறப்பு அடங்கியுள்ளது. பத்திரமும் முத்திரையும் பேரேடும் ஆண்கள் கையிலேயே இருந்தன. ஆயின் தொடர்ச்சியைக் காத்தவர்கள் அப்பேரேட்டில் பெயரற்ற விதவையர்.

முடிவுரை

செட்டியார் தெருவின் அந்த உலகம் இன்றில்லை. 1929க்குப் பின்னரான பொருளாதார மந்தத்தில் கடன்கள் நிலமாக மாறின. 1939இல் இலங்கை வங்கி தோன்றியது. சுதந்திரத்தின் பின்னர் வந்த குடியுரிமைச் சட்டங்களும் நாணயச் செலாவணிக் கட்டுப்பாடுகளும் நகரத்தாரைப் படிப்படியாக ஊர் திரும்பச் செய்தன. 1971இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடும் முடிவுற்றது.

எனினும் அவ்வரலாறு உணர்த்தும் உண்மை மறையவில்லை. பின்வந்த நிருவாகியின் உரிமை என்பது பெயரளவிலேயே உரிமை. இயல்பில் அது ஒரு கடமை. அவர் கேட்கும் பணம் அவருடையதன்று; முன்னவருடையதும் அன்று. இறந்தவருடைய பணம், அவரை நம்பியிருந்தோர்க்குச் சென்று சேரும்வரை உரிமையாளனின்றி நிற்றலாகாது என்பதற்காகவே மனிதர் மாறினும் பதவி மாறாதவாறு சட்டம் வகுத்தது. அதனையே செட்டியார் தெரு சில முதலெழுத்துகளால் எழுதி வைத்திருந்தது. சட்டத்தின் பத்திரமும் வணிகரின் விலாசமும் ஒன்றையொன்று புரிந்துகொள்ள நீண்ட காலம் பிடித்தது. அக்காலத்தின் விலையைச் செலுத்தியோர் கிட்டங்கியைக் கண்டறியாத பெண்டிரும் பிள்ளைகளுமே ஆவர்.